அஞ்சறைப் பெட்டி

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பார்கள் பெரியோர். அந்தக் கடுகு குடியிருக்கும் பெட்டியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறோம். ஆண்டு மலருக்கு எழுத அடுக்களைச் சாமானை விட்டால் வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று தோழியர் நகைக்கலாம். முழுவதும் படித்துவிட்டு நகைக்கட்டும்!

எங்கள் வீட்டில் அக்கா தங்கை நாங்கள் இருவர். அப்பாவும் அம்மாவும் வேலைக்குச் செல்வதால் சமையல் எங்கள் அப்பாயியின் பொறுப்பு. அடுப்புக்கு வலப்புறத்தில் அவருடைய அஞ்சறைப் பெட்டி இருக்கும். பலா மரத்தால் ஆனது. திருமணமாகி வந்தபோது அவர் தம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துவிட்டது. அதைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை.

பெட்டி ஒன்றுதான், ஆனால் பரணில் இருந்த டப்பாக்களோ பல. அதற்குக் காரணம் உண்டு. 2022 நவம்பர் 11-ஆம் நாள் பெய்த மழையைச் சீர்காழி மக்கள் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் 44 சென்டிமீட்டர்! நூற்றிருபத்திரண்டு ஆண்டுகளில் காணாத மழை என்று செய்தித்தாள்கள் எழுதின. சம்பா வயல்கள் ஏரிகளாயின. எங்கள் அடுக்களையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் இருந்த மல்லியும் மிளகாயும் மஞ்சளும் ஊறிப் பாழாயின. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஓர் அச்சம். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கிப் பரணில் ஏற்றிவிடுவார். ஏற்றியது நினைவில்லாமல் மறு மாதமும் வாங்குவார்.

போகி வந்தது. பழையதைக் கழிக்கும் திருநாள் அல்லவா? அதற்கு முந்தின சனிக்கிழமை, அம்மாவின் சம்மதத்தோடு அடுக்களையைச் சீர்செய்யத் தொடங்கினோம். அப்பாயி உறவினர் வீட்டு விசேஷத்துக்காக மயிலாடுதுறை சென்றிருந்தார். இதுவே தக்க சமயம் என்று எண்ணினோம்.

பரணிலிருந்து இறங்கியவை மொத்தம் 43 டப்பாக்கள், பொட்டலங்கள். கடுகு மட்டும் நான்கு இடங்களில்! பாதி தீர்ந்த பெருங்காய டப்பாக்கள் மூன்று. மல்லியைத் திறந்தால் வண்டுகள் ஊர்ந்தன. மிளகாய்த்தூளில் பூஞ்சணம் படிந்திருந்தது. அறிவியல் ஆசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது: பூஞ்சணம் பிடித்த மிளகாயில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகலாம், கொதிக்க வைத்தாலும் அது முழுமையாக அழிவதில்லை. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு குப்பையில் கொட்டினோம். மிளகுத்தூளில் மணமே இல்லை. முழு மிளகில் மணம் தரும் எண்ணெய் உள்ளே அடங்கியிருக்கும். பொடித்தவுடன் அது காற்றில் கலையத் தொடங்கிவிடும். ஆகவே தூளாக வாங்கிச் சேர்த்து வைப்பது வீண்.

நல்லவற்றைத் தரையில் பரப்பியபோது எங்களுக்கு ஒரு வியப்பு! உலகப் படமே அடுக்களையில் விரிந்தாற்போல் இருந்தது. மிளகு மலையாளக் கரையைச் சேர்ந்தது. கிராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். பெருங்காயம் ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் விளையும் செடியின் பால். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது. போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். எங்களூருக்கு அருகிலுள்ள பூம்புகார்த் துறையில் மிளகு மூட்டைகள் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. அந்த மிளகு வாணிகத்தை நாடித்தான் டேனிஷ்காரர் 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். எத்தனை கப்பல்கள், எத்தனை பயணங்கள்! கடைசியில் எல்லாம் ஒரு கரண்டி ரசத்தில் வந்து சேர்கின்றன.

எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்தோம். ஒரே அளவான பன்னிரண்டு கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பினோம். பெயர் எழுதி ஒட்டினோம். கடுகு, சீரகம், சோம்பு, மஞ்சள், மிளகு, வெந்தயம் என்று அகர வரிசைப்படி அடுக்கினோம். அஞ்சறைப் பெட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் ஏற்றினோம். அடுக்களை பளபளத்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலையில் அப்பாயி வந்தார். ரசத்துக்குப் புளி கரைத்தார். தாளிக்க எண்ணெய் வைத்தார். வழக்கம்போல் வலப்புறம் கை நீட்டினார். அங்கே பெட்டி இல்லை. "புட்டியில் இருக்கு அப்பாயி!" என்றோம் உற்சாகமாக. அவர் ஒரு புட்டியை எடுத்தார், திறந்தார், மோந்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். எண்ணெய் புகைந்தது. மூன்றாவது புட்டியையும் மோந்து பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

"பெரிய எழுத்தாகத்தானே எழுதியிருக்கிறோம் அப்பாயி?" என்றோம்.

"எனக்குப் படிக்கத் தெரியும் ஆயி. பார்க்கத்தான் தெரியலை" என்றார்.

நாங்கள் திகைத்து நின்றோம். ஒரு வருடமாகவே எல்லாம் பனிமூட்டம் போலத் தெரிகிறதாம். வெளியில் சொன்னால் அடுப்பண்டை வரவேண்டாம் என்று நிறுத்திவிடுவோமோ என்று அஞ்சி மறைத்திருக்கிறார். நாள்தோறும் காலையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அது எதற்காக? நாங்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக! ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் அறியவில்லை. அந்தப் பழைய பெட்டி அறிந்திருந்தது.

அப்போதுதான் மழைக்கால இரவுகள் நினைவுக்கு வந்தன. மின்சாரம் இல்லை, மெழுகுவர்த்தியும் தீர்ந்துவிட்டது. கட்டில்மேல் வைத்த ஸ்டவ்வில், இருட்டிலேயே அப்பாயி ரசம் வைத்துக் கொடுத்தார். அன்று வீட்டில் எல்லோருமே கண்ணில்லாதவர்கள். அவர் கை மட்டும் வழி அறிந்திருந்தது. சூடாகக் குடித்தோமே தவிர, எப்படிச் செய்தார் என்று கேட்கவில்லை.

அன்றிரவே பெட்டியை இறக்கினோம். அப்பாயி சொல்லச் சொல்ல நிரப்பினோம். அவர் வரிசை அகர வரிசை அன்று, சட்டியின் வரிசை! எண்ணெயில் முதலில் விழும் கடுகு கைக்கு மிக அருகில். அடுத்தது உளுத்தம்பருப்பு. பின்னர் சீரகம், மிளகு. கொஞ்சமாகவே வேண்டிய வெந்தயம், கை தவறி அள்ளாதபடி கோடியில். மஞ்சள்தூள் மூடிபோட்ட கிண்ணத்தில், மற்றதில் சிந்தாமல் தனியே. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. நாங்கள் கலைத்தது குப்பையை மட்டும் அன்று. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் என்பது புரிந்து வெட்கினோம். மன்னிப்புக் கேட்டோம். "நல்லதாப் போச்சு, இனிமே மறைக்க வேண்டாம்" என்றார்.

பொங்கல் கழிந்ததும் அப்பா அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இரண்டு கண்களிலும் புரை. ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, மற்றது கோடையில்.

நன்னெறி வகுப்பில் சிஸ்டர் ஒருமுறை அவிலா நகர்ப் புனித தெரேசாவைப் பற்றிக் கூறினார். ஆண்டவர் சமையலறைப் பானை சட்டிகளின் நடுவிலும் உலவுகிறார் என்று அப்புனிதை தம் சகோதரிகளுக்குச் சொன்னாராம். அன்று அதை விளையாட்டாகக் கேட்டோம். இன்று அப்படிக் கேட்க முடியவில்லை.

தோழியரே! வீட்டைத் துப்புரவு செய்யுங்கள். கொஞ்சமாக வாங்குங்கள், முழுதாக வாங்குங்கள், வெயிலில் காட்டுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். ஆனால் ஒரு பொருளை இடம் மாற்றுமுன், அதை நாளும் தொடும் கையை ஒரு வார்த்தை கேளுங்கள்.

கட்டுப் பிரித்து வீடு திரும்பிய அன்று அப்பாயி நேரே அடுக்களைக்குப் போனார். எங்கள் புட்டிகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"பள்ளிக்கூடத்துல இவ்வளவு படிக்கிறீங்க. பெருங்காயத்துக்கு எந்த 'ரு' போடணும் ஆயி?"

'பெறுங்காயம்' என்று எழுதி ஒட்டியிருந்தோம்!

- பத்தாம் வகுப்பு மாணவி