ஜோக்ஜாவில் தேடிப் படித்த வாழ்க்கைகள்

ஜோக்ஜாகர்த்தாவுக்குப் போகிற மலேசியர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களுக்காகப் போகிறார்கள்: போரோபுதூர், பிரம்பனான், மாலியோபோரோ கடைத்தெரு. பள்ளி விடுமுறையில் தங்கையையும் அவள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போன எனக்கு நான்காவதாக ஒரு வேலையும் இருந்தது. என் கைப்பேசியில் சில புத்தகங்களின் பெயர்கள் இருந்தன. எல்லாமே இந்தோனேசியத் திருநங்கைகளின் வாழ்க்கையைச் சொல்பவை.

கூலோன் புரோகோவில் உள்ள புதிய விமான நிலையத்திலிருந்து தூகு நிலையத்துக்கு ரயிலில் நாற்பது நிமிடம். அங்கிருந்து மாலியோபோரோ வழியாகத் தெற்கே நடந்தால், பெரிங்ஹார்ஜோ சந்தையைத் தாண்டியதும் தாமான் பிந்தார் அறிவியல் பூங்கா வரும். பிள்ளைகள் அதற்குள் ஓடிவிட்டார்கள். பூங்காவை ஒட்டியிருக்கும் புத்தகச் சந்தைக்குள் நான் நுழைந்தேன். பழைய ஆட்கள் அதை ‘ஷாப்பிங்’ என்றே சொல்கிறார்கள். இரண்டு மாடி, நெருக்கமான சின்னச் சின்னக் கடைகள். பாடநூல், சமையல் குறிப்பு, சமய நூல், பழைய நாவல் எல்லாம் கூரை வரை அடுக்கியிருக்கும்.

மலாய் படித்து வளர்ந்த நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. இந்தோனேசிய மொழி நூலை மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் நேரடியாகவே படிக்கலாம். முதல் பத்துப் பக்கங்களில் சில சொற்கள் இடறும். பிறகு பழகிவிடும்.

மூன்று சொற்கள்

முதலில் இடறுகிற சொல் ‘வாரியா’. ‘வனித்தா’ நமக்குத் தெரிந்த சொல், பெண். ‘ப்ரியா’ என்றால் அவர்கள் வழக்கில் ஆண். இரண்டையும் சேர்த்து உருவாக்கியது வாரியா. அதற்கு முன்பு, 1960-களின் பிற்பகுதியில், ‘வாடாம்’ என்ற சொல் புழங்கியது. ஹாவா, ஆதாம் என்ற இரு பெயர்களின் சேர்க்கை அது. நபி ஒருவரின் பெயரை இப்படிப் பயன்படுத்தலாமா என்ற ஆட்சேபம் எழுந்ததால், 1978-இல் வாரியா வந்தது. இப்போது இளையவர்கள் பலர் ‘டிரான்ஸ்புவான்’ என்கிறார்கள். ‘பெரெம்புவான்’ என்பதன் பின்பாதி அதில் ஒட்டியிருக்கிறது. பழைய இரண்டு சொற்களிலும் ஆணும் பெண்ணும் பாதிப்பாதி. மூன்றாவதில் பெண் மட்டும்தான்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் ஒரு சமூகம் தன் பெயரை எப்படி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால், இந்த வாழ்க்கை வரலாறுகள் எளிதாகப் பிடிபடும். ஒவ்வொன்றிலும் அடியில் ஓடுவது ஒரே வழக்குதான்: என்னை என்னவென்று அழைப்பது என்பதை யார் முடிவு செய்வது?

அந்த வழக்கு உண்மையிலேயே நீதிமன்றம் ஏறியது 1973-இல். விவியன் ரூபியாந்தி என்பவர், தன்னைச் சட்டப்படி பெண்ணாக ஏற்க வேண்டும் என்று ஜகார்த்தா நீதிமன்றத்தில் கேட்டார். அவருக்காக வாதாடியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் அட்னான் பூயுங் நசுத்தியோன். தீர்ப்பு விவியனுக்குச் சாதகமாக வந்தது. இந்தோனேசியாவில் அப்படி வந்த முதல் தீர்ப்பு அது. 1977-இல் அவர் கதை ‘ஆக்குலா விவியன்’ என்ற பெயரில் திரைப்படமானது. ‘நான்தான் விவியன்’ என்று பொருள்.

விவியன் அறுவை சிகிச்சை செய்துகொண்டது சிங்கப்பூரில். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்திலிருந்து பலர் அதற்காக நாடிய ஊர் அது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1971-இல் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையை நடத்தியவர் பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம், இலங்கையில் பிறந்த தமிழர். ஜகார்த்தாவில் தொடங்கும் ஒரு வரலாறு நமக்கு இவ்வளவு பக்கமாக வந்து போயிருக்கிறது.

டோர்ச்சேயின் புத்தகம்

மேல் மாடியில் கடை வைத்திருந்த அம்மாவிடம் கைப்பேசியைக் காட்டினேன். “டோர்ச்சேயா!” என்று முகம் மலர்ந்தார். “காலையில் தொலைக்காட்சியில் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் எங்கள் வீட்டில் சமையல் நடக்கும்.” அடுத்த கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் இன்னொருவரைக் கேட்டார். அரை மணி நேரம் கழித்து, அட்டை ஓரம் மடிந்த ஒரு பிரதி வந்து சேர்ந்தது.

2005-இல் வெளிவந்த நூல். ‘ஆக்கு பெரெம்புவான்: ஜாலான் பெர்லிக்கு செயோராங் டோர்ச்சே கமாலாமா’. நான் பெண், டோர்ச்சே கமாலாமாவின் வளைந்து நெளிந்த பாதை. மேற்கு சுமத்ராவின் சோலோக்கில் 1963-இல் பிறந்தவர் டோர்ச்சே. கைக்குழந்தையிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். ஜகார்த்தாவில் திருநங்கைகளின் ஆடல்பாடல் குழு ஒன்றில் சேர்ந்து, மேடையிலிருந்து திரைக்கும் தொலைக்காட்சிக்கும் வந்தார். 1980-களில் சுராபாயாவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார், ஹஜ் யாத்திரை போனார், ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்.

அவரைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக அறுவை சிகிச்சையில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் தாயில்லாமல் வளர்ந்த ஒருவர், பிறர் பெற்ற பிள்ளைகளுக்குத் தாயானார் என்பதுதான் அந்த வாழ்க்கையில் என் மனத்தில் நின்றது.

அதே ஆண்டில் மெர்லின் சோப்ஜான் எழுதிய ‘ஜாங்ஙான் லிஹாட் கெலாமின்கு’ வந்தது. என் பாலினத்தைப் பார்க்காதே என்பது தலைப்பு. மாலாங் நகரில் பொறியியல் படித்தவர் அவர். அந்நகரின் வாரியா சங்கத்தை நடத்தியவர். நட்சத்திரமாக இல்லாத ஒருவர் தன் கதையைச் சொல்லப் புறப்பட்டது இந்த நூலின் சிறப்பு. கூஸ்வினார்னோவின் ‘ஹிடுப் செபகாய் வாரியா’ ஜோக்ஜாவிலேயே ஆய்வு செய்து, இந்நகரின் எல்கேஐஎஸ் பதிப்பகம் 2004-இல் வெளியிட்டது. அது வெளியாள் ஒருவரின் பார்வை. அடுத்த ஆண்டில் டோர்ச்சேயும் மெர்லினும் ‘நான்’ என்று தொடங்கியதும் தொனியே வேறாகிவிடுகிறது.

கோத்தாகெடேயின் சந்துகள்

மறுநாள் தென்கிழக்கே கோத்தாகெடே போனோம். மாத்தாராம் அரசின் பழைய தலைநகர். பனெம்பாஹான் செனோபாதியின் கல்லறையும் பழைய பள்ளிவாசலும் இங்கேதான். சந்துக்குச் சந்து வெள்ளிப் பட்டறை. சுத்தியல் ஓசை நிற்பதேயில்லை. பிள்ளைகளுக்குக் ‘கிப்போ’ வாங்கிக் கொடுத்தேன். பச்சைநிற மாவுக்குள் இனித்த தேங்காய்ப்பூ வைத்த, விரல் நுனி அளவுப் பலகாரம். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி!

இந்தச் சந்துகளில் ஒன்றில்தான் அல்ஃபத்தா பெசன்த்ரேன் இருந்தது. நம் ‘பொண்டோக்’ பள்ளி மாதிரி ஒரு சமயப் பள்ளி, ஆனால் வாரியாக்களுக்கானது. 2006 மே மாதம் ஜோக்ஜாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாண்டுபோன தோழிகளுக்காகக் கூடித் தொழுத வாரியாக்களின் கூட்டம், 2008-இல் மர்யானி என்பவரின் வீட்டில் பள்ளியாக மாறியது. 2014-இல் மர்யானி காலமானதும், ஷிந்தா ராத்ரி கோத்தாகெடேயில் உள்ள தம் வீட்டைத் திறந்துவிட்டார். வெள்ளி நகை வியாபாரம் செய்தவர் அவர்.

பள்ளிவாசலில் ஆண்கள் வரிசையா, பெண்கள் வரிசையா? எங்கே நின்றாலும் யாராவது முறைப்பார்கள். இந்த வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. ‘முக்கெனா’ அணிய விரும்புகிறவர் அதை அணியலாம். நாம் ‘தெலெக்கோங்’ என்று அறிந்த பெண்களின் தொழுகை உடைதான் அது. சாரோங் கட்ட விரும்புகிறவர் கட்டலாம்.

2016 பிப்ரவரியில் ஒரு தீவிரக் குழுவின் மிரட்டலைத் தொடர்ந்து பள்ளி மூடப்பட்டது. ஷிந்தா பின்வாங்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து, அமைதியாக மீண்டும் வகுப்புகள் நடந்தன. 2019-இல் மனித உரிமைக் காவலர்களுக்கான ‘ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ்’ விருது அவருக்குக் கிடைத்தது. 2023 பிப்ரவரி முதல் நாள் அவரும் காலமானார். பள்ளி இப்போது அந்த வீட்டில் இல்லை, வேறிடத்தில் தொடர்கிறது. அங்கே படித்தவர்களின் கதையை மஸ்தூரியா சஅதான் ‘சந்திரி வாரியா’ என்ற நூலாக்கியிருக்கிறார். வீடு கைமாறினாலும், அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது நூலில் இருக்கிறது.

கடைசிப் பக்கம்

இந்த நூல்களை ஏன் தேட வேண்டும் என்று தங்கை கேட்டாள். அவளுக்கு நான் சொன்னது டோர்ச்சேயின் கடைசி நாட்களைப் பற்றி. 2022 ஜனவரியில், உடல் நலிந்திருந்த நிலையில், இறந்தபின் தம்மைப் பெண்ணாகவே குளிப்பாட்டி அடக்கம் செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். உடனே நாடெங்கும் விவாதம். கூடாது என்றனர் சிலர், அவர் விருப்பம் என்றனர் வேறு சிலர். அடுத்த மாதம் 16-ஆம் தேதி கோவிட் தொற்றால் இறந்தார். ஐம்பத்தெட்டு வயது.

நீதிமன்றமும் ரசிகர்களும் தொலைக்காட்சியும் பெண் என்று ஏற்றுக்கொண்டவரையே சாகும்போது மறுபடி விசாரித்தார்கள். அந்த விவாதத்தில் பேசிய எத்தனை பேர் அவருடைய நூலைப் படித்திருப்பார்கள்? பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, அட்டையிலேயே, இரண்டே சொற்களில் பதிலை எழுதி வைத்திருந்தார்.

அந்தப் பிரதி இப்போது என் மேசையில் இருக்கிறது. பதின்மூன்று வயது அக்காள் மகள் அட்டையைப் பார்த்துவிட்டு, “பாஹாசா மலேசியா மாதிரியே இருக்கே, எனக்கும் புரியுமா?” என்று கேட்டாள். முதல் அத்தியாயத்தைப் படித்து, புரியாத சொற்களை அடிக்கோடிட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.