மருதையாற்றுப் பாலம்

எங்கள் வலங்கைமானுக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் ஒரு பக்கம் கும்பகோணம் போக வேண்டும். இல்லாவிட்டால் மறுபக்கம் நீடாமங்கலம். ரயிலே வராத ஊர்க்காரனுக்கு ரயில் விபத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்துக்கொண்டால் அரியலூரைப் பற்றிப் பேசாமல் ஒரு ராத்திரியும் கழிந்ததில்லை.

என் தாத்தா வாணக்காரர். வெடி கட்டுவதும் வாணம் விடுவதும் எங்கள் ஊரில் பல வீடுகளுக்குப் பரம்பரைத் தொழில். அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்று எங்களுடையது. தாத்தாவின் விரல் நுனியில் கந்தகமும் கரியும் ஏறிப்போய் ஒரு வாடை இருக்கும். எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சின்ன வயதில் எனக்கு அது தாத்தாவின் வாடை, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது வெடிமருந்தின் வாடை என்பது பின்னால்தான் புரிந்தது.

1956 நவம்பர் 22-ஆம் தேதி இரவு அவர் சென்னை எழும்பூரில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறினார். அப்போது அவருக்கு முப்பது வயது. தீபாவளி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சரக்கு எடுத்த கடைக்காரர்களிடம் பாக்கி வசூல் செய்யப் பட்டணம் போனவர், திருச்சியிலும் இரண்டு கடைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாக உத்தேசம். அதனால்தான் கும்பகோணம் வழியாகப் போகும் வண்டியை விட்டுவிட்டு விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போகும் இந்த வண்டியைப் பிடித்தார். முன்பக்கத்தில் ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டி. ஜன்னலோரம் இடமும் கிடைத்துவிட்டது.

வெளியே மழை. ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டார்கள். அடைத்த பெட்டிக்குள் அந்த வாடை மெல்லப் பரவியது. எதிரே உட்கார்ந்திருந்தவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "யாரய்யா இங்கே வெடிமருந்து வச்சிருக்கிறது?" என்றாராம். தாத்தா உண்மையைச் சொன்னார். தொழில் அது, கையில் சரக்கு ஒன்றுமில்லை. யார் நம்புகிறார்கள்? தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். கணக்கு நோட்டும் வேட்டியும்தான் இருந்தன. அப்படியும் ஓயவில்லை. பிள்ளைகுட்டிகளோடு பிரயாணம் செய்கிறோம், இந்த ஆளோடு எப்படித் தூங்குவது என்று ஒரு அம்மாள் சத்தம் போட்டாள். விழுப்புரம் வருவதற்குள் பெட்டியே ஒரு கட்சியாகவும் தாத்தா ஒரு கட்சியாகவும் ஆகிவிட்டது.

விழுப்புரத்தில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்: "நீங்களே நல்லபடியாப் போய்ச் சேருங்க!"

மழையில் நனைந்துகொண்டே ஓடிக் கடைசியில் இருந்த ஒரு பெட்டியில் தொற்றிக்கொண்டார். அங்கே உட்கார இடமில்லை. கதவோரம் தகரப் பெட்டியின் மேல் குந்தியபடி தூங்கிப்போனார்.

மறுநாள் விடியற்காலை, அரியலூரைத் தாண்டிக் கல்லகத்துக்குப் போகும் வழியில் மருதையாற்றுப் பாலத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆற்றில் பெருவெள்ளம். வெள்ளத்தால் வலுவிழந்திருந்த பாலம் வண்டியின் பாரத்தைத் தாங்கவில்லை. எஞ்சினும் முன்பக்கத்துப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போய்விட்டன. செத்தவர்கள் 140-க்கு மேல். பின்பெட்டிகள் தண்டவாளத்திலேயே நின்றன. தாத்தா கதவைத் திறந்து இறங்கியபோது இன்னும் சரியாக வெளுக்கவில்லை. "சத்தம் ரொம்ப இல்லைடா. தண்ணி இரைச்சல்தான்" என்பார். அதற்கு மேல் அந்தக் காலைப் பொழுதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அந்த வருஷம் செப்டம்பரில் ஹைதராபாத் பக்கம் மகபூப்நகர் அருகே இதேபோல் ஒரு பாலம் இடிந்து நூறு பேருக்கு மேல் செத்தபோதே அவர் ராஜினாமாவை நீட்டியிருந்தார், நேரு ஏற்றுக்கொள்ளவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். இன்றைக்கும் எங்கே விபத்து நடந்தாலும் சாஸ்திரியைப் போல் உண்டா என்று மேடையில் பேசுகிறார்கள். உண்மைதான், அவரைப் போல் அபூர்வம். ஆனால் தாத்தாவிடம் இதைச் சொன்னால் அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "நல்ல மனுஷன். நல்ல மனுஷன் வேலையை விட்டா ஆத்துல தண்ணி வடிஞ்சுடுமா?" என்று கேட்பார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு அது ஆற்று விவகாரம், மந்திரி விவகாரம் அல்ல.

காவிரிப் பாசனத்துக்காரர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கரைக்கு மேல் தண்ணீர் வழிந்துதான் உடைப்பு எடுக்கும் என்பது வெளியூர்க்காரர் நினைப்பு. நண்டு வளையில், எலி வளையில் கசிவு புகுந்து, மேலே புல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே மண் கரைந்துவிடும். பாலத்திலும் அதே கதைதான். ஓடுகிற வெள்ளம் தூணில் மோதினால் பக்கவாட்டில் மட்டும் விலகிப் போவதில்லை. ஒரு பகுதி கீழே திரும்பிச் சுழன்று அடிமணலைத் தோண்டுகிறது. பாலத்தின் இரண்டு முனையிலும் கரையோடு சேர்கிற இடத்தில் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளம் வடிகிறபோது அந்தக் குழியைப் புது மணல் வந்து மூடிவிடும். பிறகு போய்ப் பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாம் யோக்கியமாகத் தெரியும். தண்டவாளம் மேலே நேராகத்தான் கிடக்கும். எஞ்சின் விளக்கில் டிரைவருக்குத் தெரிவது அந்தத் தண்டவாளம் மட்டும்தான். கீழே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஆற்றங்கரையில் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஆளை ரயில்வே உலகம் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. மழைக்காலத்தில் கையில் விளக்கோடு தண்டவாளத்தின் மேல் ராத்திரி முழுதும் நடக்கிறவன். தன் எல்லை முடிகிற இடத்தில் அடுத்த எல்லைக்காரனைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பான். பாலங்களில் அபாய மட்டம் என்று குறி போட்டிருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு அவன் தோள்பையில் ஒரு சாமான் உண்டு: தட்டையான சின்னத் தகர டப்பி, உள்ளே மருந்து. தண்டவாளத்தின் மேல் வைத்து அதன் காதை மடக்கிக் கட்டிவிட்டால் எஞ்சின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும். மழையோ பனியோ, விளக்கு தெரியாத இருட்டோ, டிரைவர் காதில் விழாமல் போகாது. 1841-இல் இங்கிலாந்தில் கௌப்பர் என்ற எஞ்சினியர் கண்டுபிடித்தது இது.

இந்த டப்பியைப் பற்றித் தாத்தாவுக்கு எப்போது, யார் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அது ஒரு தீராத நமைச்சல். வெடியை உலர்த்திக்கொண்டே இருப்பார், திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "காலணா மருந்துடா. ஒரே ஒரு வெடி" என்பார். தன்னை வெளியே துரத்தினார்களே, அந்த மருந்து வாடைக்காக, அதே மருந்து கொஞ்சம் தண்டவாளத்தில் இருந்திருந்தால் என்பது அவர் மனத்தில் ஓடியிருக்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆள் இருந்தாலும் எல்லாம் நடந்துவிடும் என்பதில்லை. அரியலூருக்கு மூன்று வருஷத்துக்கு முன், 1953 டிசம்பர் 24 இரவு, நியூஸிலாந்தில் டாங்கிவாய் என்ற இடத்தில் எரிமலை ஏரி உடைத்துக்கொண்டு சேறும் பாறையுமாக வந்து ரயில் பாலத்தை அடித்துவிட்டது. பக்கத்துச் சாலையில் காரில் வந்த சிரில் எல்லிஸ் என்ற தபால் குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டார். எக்ஸ்பிரஸ் வருவது தெரிந்து, கை டார்ச்சை ஆட்டிக்கொண்டே தண்டவாளத்தில் ஓடினார். பிரேக் போடப்பட்டது, ஆனால் வண்டி நிற்கவில்லை. 285 பேரில் 151 பேர் மாண்டார்கள். எல்லிஸ் அப்புறம் ஒரு பெட்டியிலிருந்து ஆட்களை வெளியேற்ற உதவினார். ரயில்வேக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த ஓட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மூச்சு வாங்குகிறது. 2005 அக்டோபர் 29-ஆம் தேதி ஆந்திரத்தில் வலிகொண்டா அருகே ஏரி உடைந்து ரயில் பாதையை அரித்துக்கொண்டு போக, டெல்டா பாசஞ்சர் அதில் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்த செய்தியைப் படித்தபோது தாத்தா இல்லை. இல்லாததே நல்லது என்று தோன்றியது.

தாத்தா உயிரோடு திரும்பி வந்தார் அல்லவா, கொள்ளுப்பாட்டி சும்மா இருப்பாளா? மகாமாரியம்மனுக்குப் பாடைக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்க் காவடி வெளியூர்க்காரருக்கு விசித்திரமாக இருக்கும். சாவின் வாயிலிருந்து தப்பியவனைப் பங்குனி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை குடமுருட்டியில் குளிப்பாட்டி, நெற்றியில் காசு ஒட்டி, வாயைக் கட்டி, பச்சை மூங்கில் பாடையில் பிணமாகவே படுக்கவைப்பார்கள். முன்னால் தீச்சட்டி. பறை முழங்கும். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலைச் சுற்றி வந்து இறக்குவார்கள். பூசாரி தீர்த்தம் தெளித்ததும் அவன் எழுந்துகொள்வான்.

1957 பங்குனியில் தாத்தா எழுந்துகொள்ளவில்லை. இதை எனக்குச் சொன்னது அப்பாயி. தீர்த்தம் தெளித்தாயிற்று, விபூதி போட்டாயிற்று, கண்ணை மூடியபடியே கிடக்கிறார். கொள்ளுப்பாட்டி மாரில் அடித்துக்கொண்டு அலறிவிட்டாளாம். பூசாரி தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். "ஏன் அப்படிப் பண்ணினீங்க?" என்று அப்பாயி அன்று ராத்திரி கேட்டதற்கு, "இது என் பாடை இல்லையே. யாரோடதோ" என்றாராம். அப்போதுதான் விழுப்புரத்தில் தான் சொன்ன வார்த்தையை அவளிடம் சொன்னார். அதுவரை ஒருத்தருக்கும் தெரியாது.

போய்ச் சேர்வது என்ற வார்த்தைக்கு நம் பாஷையில் இரண்டு அர்த்தம் இருப்பது அவர் குற்றமா? கோபத்தில் எவனும் சொல்கிற வார்த்தை. அந்தப் பெட்டிக்காரர்கள் செய்தது அநியாயம். அவருக்கு வந்த கோபம் நியாயம். ஆனால் அவர்களைத் திட்டுகிற பாத்தியதை மறுநாள் விடிவதற்குள் அவரை விட்டுப் போய்விட்டது. நான் வேலைக்காக முதல் தடவை ஊரை விட்டுப் புறப்பட்டபோது கும்பகோணம் ஸ்டேஷனில் என் அத்தை, "பத்திரமாப் போய்ச் சேரு தம்பி" என்றாள். தாத்தா அவள் மேல் சீறி விழுந்தார். "போயிட்டு வான்னு சொல்லு! போயிட்டு வா!" பிளாட்பாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. காரணம் அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது நான் அந்தப் பாதையில் அடிக்கடி போகிறேன். மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்துவிட்டது. புகை விடுகிற எஞ்சின் போய் மின்சார எஞ்சின் வந்துவிட்டது. மருதையாற்றுப் பாலத்தை வண்டி கடக்கிற நேரம் ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான். கோடையில் பார்த்தால் மணலும் முள்ளும்தான். இதுவா அத்தனை பேரை விழுங்கியது என்று தோன்றும்.

மழைக்காலத்தில் குடமுருட்டி ஏறுகிறபோது தாத்தா ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டார்ச்சையும் ஒரு மூங்கில் குச்சியையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போவார். எனக்குப் பத்து வயதிலிருந்து நானும் போவேன். தண்ணீரின் ஓரத்தில் குச்சியைக் குத்திவிட்டு வருவோம். நடுராத்திரியில் என்னை எழுப்பி, "குச்சி நிக்குதான்னு பாத்துட்டு வருவோம், வா" என்பார். எங்களுக்கு அந்தக் கரையில் ஒரு குழி நிலமும் கிடையாது.