வாக்கும் ஓர் அமானிதமே

இங்கிலாந்தில் வாழும் நம்மில் பலர் உள்ளூர் மன்றத் தேர்தலைக் குப்பைத்தொட்டி விவகாரமென ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பள்ளிவாசலின் கட்டட அனுமதியும், பல ஊர்களில் நம் மையவாடிக்கான நிலமும், வார இறுதியில் ஜனாஸாவை அடக்க இயலுமா என்பதும் அம்மன்றங்களிலேயே முடிவாகின்றன.

2017இல் நார்தம்பர்லாந்து மன்றத் தேர்தலில், சவுத் பிளைத் வட்டாரத்தில் இருவர் சமமான வாக்குகள் பெற்றனர். குச்சி இழுத்தே வெற்றியாளரைத் தீர்மானித்தார்கள். அந்த ஓர் இடம் கிட்டாமல் பழமைவாதக் கட்சிக்குப் பெரும்பான்மை கைநழுவியது. வீட்டிலிருந்தவர்களுள் ஒருவர் வந்து வாக்களித்திருந்தால் குச்சிக்கு வேலையே இருந்திருக்காது.

அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது நம் மீது கடமை. இனத்தையும் உறவையும் பாராமல் நேர்மையாளரைத் தேர்வோம். புகைப்பட அடையாள அட்டையுடன் செல்வோம்; காலை 7 முதல் இரவு 10 வரை வாக்குச்சாவடி திறந்திருக்கும். முகத்திரை அணியும் சகோதரிகள், அடையாளம் சரிபார்க்க மறைவிடம் கேட்கலாம்.