ரீல் காலியாகும்போது

ஃப்ளை எனப்படும் செயற்கைப் பூச்சியைக் கொக்கியில் கட்டி ஓடையில் டிரௌட் மீன் பிடிப்பவருக்கு ரீல் என்பது நூல் சுற்றி வைக்கும் உருளை, அவ்வளவுதான். சிறிய மீனென்றால் நூலைக் கையாலேயே இழுத்துக் கரைசேர்த்துவிடலாம். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் சார்லஸ் ஆர்விஸ் 1874இல் காப்புரிமை வாங்கிய ரீலின் படத்தைப் பாருங்கள்: ஒடுங்கிய ஸ்பூல், நூல் காய்வதற்காகப் பக்கமெல்லாம் துளைகள், ஒரு கைப்பிடி. ஃப்ளை ரீலின் உருவம் இன்றைக்கும் ஏறக்குறைய அதுதான். பெரும்பாலானவற்றில் பல்சக்கரம் கிடையாது; கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூலும் ஒரு சுற்று.

கடலுக்கு வந்தால் கதை வேறு. ஃபுளோரிடா கீஸ் தீவுகளை ஒட்டி முழங்காலளவுத் தண்ணீரில் மேயும் போன்ஃபிஷ் கொக்கியில் மாட்டினால், 90, 100 அடி ஃப்ளை நூலை மொத்தமாக உருவிக்கொண்டு, அதற்குப் பின்னால் சுற்றியிருக்கும் மெல்லிய பேக்கிங் நூலையும் இழுத்துக்கொண்டு ஓடும். அப்போது அந்த உருளைதான் பிரேக். அதற்கு டிராக் என்று பெயர். உப்புநீர் ரீலுக்கு நாம் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்த டிராக்குக்குத்தான்.

மயாமியில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது. நண்பர்களிடம் இரவல் வாங்கிய இரண்டு ரீல்களை மேசைமேல் வைத்து, "அப்புச்சி, இதுல எந்த மாடல் வாங்கலாம், பாத்துச் சொல்லுங்க" என்றான். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி டூல் ரூமில் காலம் கழித்தவன். ஆனால் சுழலுகிற சாமான் எதைக் கொடுத்தாலும் அது நல்லதா, நடிக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை.

விலை கூடின ரீலின் பெட்டியில் பெருமையாகப் போட்டிருந்தது, அதன் டிராக் 30 பவுண்டு வரை இறுகுமாம். பேரனிடம் கேட்டேன்: "நூல் முனையில கட்டற நரம்பு எத்தனை பவுண்டு கண்ணு தாங்கும்?" 16 என்றான். 16 பவுண்டில் அறுகிற நரம்புக்கு 30 பவுண்டு பிரேக் எதற்கு? இவர்கள் வழக்கப்படி நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் டிராக்கை வைக்கிறார்கள். அதாவது 4, 5 பவுண்டு. பில்லி பேட் என்பவர் 1982இல் ஃபுளோரிடாவின் ஹோமோசாசாவில் 188 பவுண்டு டார்ப்பன் மீனை இதே 16 பவுண்டு நரம்பில்தான் பிடித்திருக்கிறார். அவர் பெயரில் ரீல் செய்து கொடுத்தவர் டெட் ஜுராசிக். 1956 எழுச்சிக்குப் பிறகு ஹங்கேரியை விட்டு அமெரிக்கா வந்த டூல் அண்ட் டை தொழிலாளி. என் இனம். அவருடைய ரீலில் பிரேக்காக இருந்தது கார்க். புட்டி மூடுகிற அதே கார்க்கைத் தட்டாக வெட்டி அலுமினியத்தோடு அழுத்துவது. கார்க்கின் பெருமை இறுகுவதில் இல்லை, அது விடத் தொடங்குகிற விதத்தில் இருக்கிறது.

இதைத்தான் நான் முதலில் சோதித்தேன். நூல் முனையை ஸ்பிரிங் தராசில் மாட்டி மெதுவாக இழுத்தேன். முள் 4 பவுண்டில் நிற்க வேண்டும். ஸ்பூல் நகர ஆரம்பிக்கிற அந்தக் கணத்தில் முள் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். சில ரீல்கள் பழைய மர பீரோவின் இழுப்பறை மாதிரி: முதலில் அசையாது, பிறகு திடீரென்று கையோடு வந்துவிடும். முள் 7க்குத் தாவி 4க்கு இறங்கினால், அந்தத் தாவலில்தான் நரம்பு அறும். மீனோ நின்று நின்று ஓடுவது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த முதல் கணம் திரும்ப வரும். விலை கூடின ரீலில் முள் தாவியது. மற்றதில் அசைவே தெரியவில்லை. தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு இன்னொரு முறை இழுத்தேன். அப்போதும் அப்படித்தான்.

அடுத்தது, பேரன் எதிர்பாராதது. ஸ்பூலில் இருந்த நூலை முக்கால்வாசி உருவிவிட்டு, டிராக் குமிழைத் தொடாமல் மறுபடி இழுக்கச் சொன்னேன். 4 காட்டிய முள் இப்போது 8 காட்டியது. "ரிப்பேரா அப்புச்சி?" என்றான். ரிப்பேர் இல்லை, கணக்கு. பிரேக்கின் முறுக்குவிசை மாறவில்லை. நூல் சுற்றியிருந்த விட்டம் 4 அங்குலத்திலிருந்து 2 அங்குலமாகிவிட்டது. விட்டம் பாதியானால் இழுவை இரட்டிப்பு. ஸ்பூலும் அதே ஓட்டத்துக்கு இரண்டு மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். கடலில் என்றால் வெளியே போன நூலைத் தண்ணீரும் பிடித்து இழுக்கும். அது தனிக் கணக்கு. இந்தக் காலத்து ரீல்களில் ஸ்பூலின் நடுத்தண்டைப் பெரிதாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விட்டம் அவ்வளவாகச் சுருங்காது.

ஸ்பூல் காலியாவதைப் பார்க்கிற புதியவர் பயந்துபோய் டிராக்கை இறுக்குவாராம். அனுபவசாலி அந்த நேரத்தில் தளர்த்துவார், அல்லது தொடாமல் விடுவார். பேரன் இதைச் சொன்னபோது என் மனம் ரீலை விட்டுப் போய்விட்டது. தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த 2012 வாக்கில், எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த பட்டறை முதலாளி ஒருவர் ஆர்டர் குறையக் குறைய ஆட்களை இறுக்கினார். டீ நேரத்தை வெட்டினார், ஐந்து நிமிடம் தாமதித்தவருக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார். கரண்ட் இல்லாமல் லேத் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதே அவர்களுக்கு எவ்வளவு இறுக்கம் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கை தேர்ந்த டர்னர்கள்தான் முதலில் போனார்கள். கரண்ட் திரும்பியபோது மெஷின் இருந்தது, ஓட்ட ஆளில்லை.

வயதும் இப்படித்தான் வேலை செய்கிறது. சம்பளம் நின்று, உடம்பு தளர்ந்து, பிள்ளைகள் தூரம் போனபிறகு நாம் புதிதாக எதையும் இறுக்க வேண்டியதில்லை. பழைய கண்டிப்பை அப்படியே வைத்திருந்தாலே போதும், எதிர்முனையில் இருப்பவர்களுக்கு அது இரண்டு பங்காகத் தெரியும். மகளிடம் முன்பு தினம் ஒரு முறை "ஏன் போன் பண்ணல?" என்று கேட்பேன். அவளுக்கு இருபது வயதில் அது விசாரிப்பு. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, இரவுப் பணியும் பார்க்கிறவளுக்கு அது வேறு எடை. நான் குமிழைத் தொடவே இல்லை என்று வாதாடலாம். தராசு ஒத்துக்கொள்ளாது.

இந்த வாதத்தை முழுக்க நீட்டினால் உடையும் என்பதும் தெரியும். ஒரேயடியாகத் தளர்த்திவிட்டால் ஸ்பூல் நூலை முந்திச் சுழன்று சிக்கலாகிவிடும். அதனால்தான் குமிழையும் பார்க்கச் சொன்னேன். ஒன்றுமில்லாத நிலையிலிருந்து முழு இறுக்கத்துக்குக் கால் சுற்றில் போய்விடுகிற குமிழ் வேண்டாம். சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் இடம் வேண்டும்.

மற்றவை சில்லறை. ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய நரம்பு நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் எடை வைத்துச் சமன் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் அதிரும். அலுமினியத்தில் எஃகுத் திருகு இறங்குகிற இடத்தில் உப்புத் தண்ணீர் தேங்கினால் அலுமினியம்தான் அரிக்கும். அனோடைசிங் பூச்சு அந்த ஓரங்களில் சரியாக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவ வேண்டும். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும்.

விலை குறைந்த மாடலையே சொன்னேன். பேரனுக்கு முகம் கொஞ்சம் வாடியது. அந்த 30 பவுண்டு அவன் மனதில் உட்கார்ந்திருந்தது. மிச்சப் பணத்தில் கூடுதலாக ஒரு ஸ்பூலும் 200 கஜம் பேக்கிங் நூலும் வாங்கிக்கொண்டான். கார்க் டிராக் ஆனதால், இரவில் குமிழை முழுக்கத் தளர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் கார்க் நசுங்கியபடியே இருந்துவிடும். செய்கிறானா என்று நான் கேட்பதில்லை.