கேம் நல்லா இருக்கா, கூட்டாளி நல்லா இருக்கானா?

மல்டிபிளேயர் கேமுக்கு ரிவ்யூ எழுதுறது கல்யாணப் பந்தியைப் பத்தி எழுதுற மாதிரி. பக்கத்து இலையில யார் உட்கார்ந்தாங்கங்கிறதைப் பொறுத்து சாம்பாரோட ருசியே மாறிடும். நல்ல கூட்டம் அமைஞ்சா உப்பு குறைஞ்சது தெரியாது. ஒரு சிடுமூஞ்சி வந்து உட்கார்ந்துட்டா பாயசம்கூட இறங்காது. அப்புறம் "சமையல் எப்படி?"ன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?

ரெண்டு வருஷமா இந்த இதழ்ல கேம் பக்கம் எழுதுறேன். தனியா ஆடுற கேம்னா பிரச்சினை இல்லை. கதை, கன்ட்ரோல், கிராஃபிக்ஸ் எல்லாம் எனக்கும் உங்களுக்கும் ஒண்ணுதான். நாலு பேர் சேர்ந்து ஆடுற கேம் அப்படி இல்லை. நான் ஆடின அதே கேமை நீங்க ஆடப் போறதே இல்லை. ஏன்னா என்னோட மூணு ஃபிரெண்ட்ஸ் அந்த டவுன்லோடுல வர மாட்டாங்க.

இந்த செமஸ்டர் எழுத எடுத்துக்கிட்டது ஹெல்டைவர்ஸ் 2. ஸ்வீடனைச் சேர்ந்த ஆரோஹெட் ஸ்டுடியோ உருவாக்கி, சோனி வெளியிட்ட கேம். 2024 பிப்ரவரி 8 அன்று வந்தது. அதிகபட்சம் நாலு பேர் ஒரு கிரகத்துல இறங்கி, ராட்சசப் பூச்சிகளையோ ரோபோக்களையோ சுட்டு, கொடுத்த வேலையை முடிச்சு, விண்கலம் ஏறித் தப்பிக்கணும். இதுல முக்கியமான விதி, உங்க குண்டு உங்க ஆளையும் கொல்லும். அதை ஆஃப் பண்ணவே முடியாது. வானத்துலேருந்து தாக்குதல் வேணும்னா அம்புக்குறிகளைச் சரியான வரிசையில அழுத்தி, கையில வர்ற பந்தை வீசணும். விழுந்த இடத்துல சிவப்பு ஒளி எழும்பும். அங்கே யார் நின்னாலும் காலி.

"மச்சான், சிவப்பு லைட்டுல நிக்காதடா!"

"எந்த சிவப்பு லை..."

அவ்ளோதான். செத்தவனைத் திரும்ப வரவழைச்சா, அவன் இறங்குற காப்ஸ்யூல் நேரா என் தலைமேல விழும். முதல் ராத்திரி சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. அப்பவே எழுத உட்கார்ந்திருந்தா பத்துக்குப் பன்னெண்டு மார்க் போட்டிருப்பேன். ஆனா எழுதலை. அதுக்கு ரெண்டு காரணம்.

ஒண்ணு, நாங்க ஃபைனல் இயர். மே மாசம் ரூமைக் காலி பண்றோம். ஒருத்தன் புனே போறான், ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் இன்னும் ஆஃபர் வராம மெயிலைப் பார்த்துட்டே இருக்கான். எனக்குச் சென்னை. அந்தச் சிரிப்புல எவ்வளவு கேம், எவ்வளவு 'இன்னும் கொஞ்ச நாள்தான்'ங்கிற நினைப்புன்னு எனக்கே பிரிச்சுப் பார்க்கத் தெரியலை.

ரெண்டாவது, ஒரு ஜூனியர். "அண்ணா, சிம்போசியத்துல ஜெயிச்ச காசு அப்படியே இருக்கு. உங்க ரிவ்யூ வந்ததும் வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்றேன்"னு சொல்லிட்டுப் போனான். வெளியான விலை 40 டாலர், நம்ம காசுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல. அவன் டே ஸ்காலர், அவன் செட்டுல யாரும் கேம் ஆடுறதில்லை. அவன் வாங்கினா முகம் தெரியாதவங்களோடதான் ஆடணும். என் ரூம்ல கேட்ட சிரிப்பை நம்பி அவன் காசு கொடுக்கக் கூடாது.

லேப்ல ஒரு நேரத்துல ஒரு வேரியபிளைத்தானே மாத்துவோம்? அதையே செஞ்சேன். ஒரு வாரம் ஃபிரெண்ட்ஸ் இல்லாம, தெரியாதவங்களோட மட்டும், மைக்கை ஆஃப் பண்ணிட்டு ஆடினேன். நோட்டுல மூணு கட்டம் போட்டேன்: கேம் செஞ்சது, ஆளுங்க செஞ்சது, நெட் செஞ்சது.

சிரிப்பு பாதிக்கு மேல காணாமப் போச்சு. அது எங்க ரூமோட சொத்து. ஆனா சில விஷயங்கள் அப்படியே நின்னுச்சு. சில பெரிய ஆயுதங்களை ஒருத்தர் லோட் பண்ண, இன்னொருத்தர் சுட்டா வேகம் பல மடங்கு கூடும். எந்த ஊர்னே தெரியாத ஒருத்தர் என் குண்டுப் பையை எடுத்து மாட்டிக்கிட்டு, பின்னாடி வந்து நின்னு, வரிசையா லோட் பண்ணிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசலை. அந்த உதவி கேமோட டிசைன்லயே இருக்கு, அதனால 'கேம்' கட்டத்துல எழுதினேன். இன்னொரு நாள், விண்கலம் வர்ற நேரம் பார்த்து ஒருத்தன் என்னை டீம்லேருந்து தூக்கிட்டான். கோபம் தலைக்கேறுச்சு. ஆனா அது 'ஆளுங்க' கட்டம். ஹாஸ்டல் வைஃபை போனது 'நெட்' கட்டம். தனியா ஆடினாலும் இன்டர்நெட் இல்லாம இந்த கேமை ஆடவே முடியாதுங்கிறது மட்டும் மறுபடி 'கேம்' கட்டம். அது அவங்க எடுத்த முடிவு, அதைக் கேள்வி கேட்கலாம்.

இந்த கேமோட சரித்திரத்துலயே இதுக்குப் பாடம் இருக்கு. வெளியானப்போ கூட்டம் தாங்காம, ஒரே நேரத்துல 4,50,000 பேருக்கு மேல உள்ளே விட முடியாதுன்னு வரம்பு வைக்க வேண்டியதாச்சு. 'இப்போ வாங்கலாமா?'ன்னு கேட்ட ஒருத்தர்கிட்ட, கையில காசு கம்மின்னா சர்வர் சரியாகுற வரைக்கும் பொறுங்கங்கிற மாதிரி பதில் சொன்னார் அப்போதைய சிஇஓ யோஹான் பிலெஸ்டெட். பெத்தவரே தன் பிள்ளையைப் பத்தி அப்படிச் சொல்லும்போது, ரசிகன் நான் சொன்னா குறைஞ்சா போயிடுவேன்?

2024 மே மாசம், பிசியில ஆடுறவங்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைச்சே ஆகணும்னு சோனி அறிவிச்சது. அந்தச் சேவையே இல்லாத நாடுகள் ஏராளம். சில நாள்ல ஸ்டீம்ல 2 லட்சத்துக்கு மேல எதிர்மறை ரிவ்யூ குவிஞ்சது. சோனி பின்வாங்கியது. ஒற்றுமையா நின்னதுக்குப் பலன் கிடைச்சது, சந்தோஷம். ஆனா ஸ்டீம்ல இருக்கிறது ரெண்டே பட்டன். 'கேம் மோசம்'னு சொல்றவனும், 'கேம் அருமை, இந்த முடிவு மோசம்'னு சொல்றவனும் ஒரே பட்டனைத்தான் அழுத்தணும். அந்த வித்தியாசத்தை வாக்கியத்துலதான் சொல்ல முடியும். அதே வருஷம், ஆயுதங்களைத் தொடர்ந்து பலவீனமாக்கினப்போ எந்த ஆயுதம், ஏன்னு ஆட்கள் விவரமா எழுதினாங்க. ஸ்டுடியோ 60 நாள்ல சரி பண்றதா சொல்லி, செப்டம்பர் 17 அப்டேட்ல நிறைய ஆயுதங்களுக்குப் பலம் கூட்டியது. பிடிச்சவங்க எழுதின குறை அது. வெறுத்தவங்க எப்பவோ அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிருப்பாங்க.

அதனால என் ரிவ்யூவுல மார்க் போடலை. நாலு ஃபிரெண்ட்ஸ் இருந்தா எப்படி, தனியா வந்தா எப்படி, நெட் சுமாரா இருந்தா எப்படின்னு தனித்தனியா எழுதினேன். ஜூனியர்கிட்ட நேர்ல சொன்னது இதுதான்: "டேய், ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மியா ஆடியிருந்தா காசைத் திரும்பக் கேட்கலாம். முதல்ல உன் லேப்டாப் தாங்குதான்னு பாரு. தெரியாதவங்களோட ரெண்டு மிஷன் ஆடு. அப்புறம் முடிவு பண்ணு." இன்னும் யோசிச்சிட்டு இருக்கான். யோசிக்கட்டும், அவன் காசு.

அடுத்த வருஷம் இந்தப் பக்கம் உங்கள்ல யாரோ ஒருத்தர் கைக்கு வரும். பிடிச்சதைப் பிடிச்சிருக்குன்னு சத்தமாவே எழுதுங்க, சந்தோஷத்தை அடக்கி எழுதினா படிக்கிறவனுக்கும் தூக்கம்தான் வரும். பாராட்டோ திட்டோ, விலாசத்தை மட்டும் சரியா எழுதிடுங்க. மூணு கட்டம் போட்ட நோட்டு வேணும்னா என் ரூம்ல இருக்கு. மே மாசத்துக்குள்ள வந்து வாங்கிக்கோங்க.