பிறை குறிக்கும் விழா நாள்

திருவிழாக் காணச் செல்வதற்கும் ஓர் ஆயத்தம் வேண்டும். ஊர்வலம் எவ்வழி வரும், எங்கே நின்றால் நன்கு காணலாம், முதியோரும் குழந்தைகளும் எங்கே இளைப்பாறுவது, திரும்புதற்கு வண்டி கிடைக்குமா என்பனவற்றை எண்ணாது புறப்படுவோர், முன்னே நிற்போரின் முதுகைக் கண்டு திரும்புவதே பெரும்பான்மை. 1955 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் திறக்கப்பெற்ற டிஸ்னிலாந்து போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் இத்தொல்லை குறைவு. அணிவகுப்பு இத்தனை மணிக்கு, வாணவேடிக்கை இத்தனை மணிக்கு என்று முன்னரே அறிவித்துவிடுவர். நமது கிழக்குக் கரையின் பெருவிழா ஒன்றுக்கோ மணிக்கூடு வானத்தில் இருக்கிறது.

கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியின் கொடியேற்ற விழாவையே ஈண்டுக் குறிக்கின்றோம். பாலமுனை அன்பர்களுக்கு அஃது எட்டாத் தொலைவன்று. கல்முனை செல்லும் பஸ் வண்டியில் ஏறினால் ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என ஊர்கள் வரிசையாக வரும். மேற்கே நெல்வயல், கிழக்கே தென்னஞ்சோலை, அதற்கப்பால் கடல். முஸ்லிம் ஊர்களின் நடுவே, சுவாமி விபுலாநந்தர் 1892 இல் பிறந்த காரைதீவையும் கடந்தே இவ்வீதி செல்கின்றது.

விழாவுக்குரியவர் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அம்மகான் அடக்கமாகியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். கல்முனைக்குடியில் இருப்பது அவர்தம் நினைவிடமே. கடலோடிகளின் காவலர் என்று அவரைப் போற்றிய தமிழ் முஸ்லிம்கள், தாம் சென்ற கரைகளில் எல்லாம் இத்தகைய நினைவிடங்களை எழுப்பினர். பினாங்கில் ஒன்றுண்டு, சிங்கப்பூரில் 1828 க்கும் 1830 க்கும் இடையே கட்டப்பெற்றது மற்றொன்று. நாகூர்த் தர்காவின் ஐந்து மினாராக்களுள் உயர்ந்ததாகிய 131 அடி மினாராவைக் கட்டுவித்தவர், தஞ்சையை ஆண்ட இந்து மன்னர் பிரதாபசிங் ஆவார். சைவக் குடும்பத்திற் பிறந்த நாம் இவ்விழாவைப் பற்றி எழுதுவதும் அப்பழைய உறவின் வழியிலேதான்.

“சேர், இந்த முறை கொடியேற்றம் எத்தனையாம் திகதி?” என்று மாணவர் ஆண்டுதோறும் எம்மை வினவுவர். ஜமாதுல் ஆகிர் மாதத்தின் தலைப்பிறையை ஒட்டி விழா தொடங்கும். முந்திய மாதத்தின் 29 ஆம் நாள் மாலை பிறை தென்பட்டால் ஒன்று. தென்படாவிடின் அதற்கு அடுத்த நாள். ஆதலின், ஒரே திகதியை நம்பி வாகனம் பேசிவிடாது, இரண்டு நாட்களை ஒதுக்கிவைத்துப் பிறை அறிவித்தலுக்குச் செவிசாய்த்திருத்தல் நன்று.

சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்களே. ஆகவே விழா ஆண்டுதோறும் பதினொரு நாள் முந்தி வரும்; முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். 2024 இல் அம்மாதம் டிசம்பர் தொடக்கத்திற் பிறந்தது. 2025 இல் நவம்பர் பிற்பகுதியில். இவை வடகீழ்ப் பருவமழைக் காலம். குடையும் மாற்றுடையும் இன்றிப் புறப்படலாகாது. 2034 அளவில் இவ்விழா ஆகஸ்ட் மாதத்துக்கு வந்து சேரும். அப்போது காய்ந்த மணலில் அமர்ந்தே காணலாம்.

விழா பன்னிரண்டு நாள் நடைபெறும். ஊர்வலம் காண விழைவோர் முதல்நாளே செல்லவேண்டும். கொடிகள் வீதிவழியே எடுத்துவரப்பெற்று மினாராக்களில் ஏற்றப்படும். பக்கீர் பாவாக்களின் றாத்தீபில் றபான் முழக்கத்தோடு கூரிய கருவிகளால் தம் உடலைக் குத்திக்கொள்ளும் காட்சியும் உண்டாதலின், சிறு குழந்தைகளைச் சற்று அப்பால் வைத்திருத்தல் நலம். கைக்குழந்தை உடையோர்க்கு நெரிசல் குறைந்த இடைநாட்களே ஏற்றவை. இறுதிநாள் கந்தூரி. வாணவேடிக்கையும் சந்தனக்கூடும் நாகூர் விழாவின் புகழ்மிக்க அம்சங்கள். இங்கே கொடியும் கந்தூரியுமே முதன்மை.

இத்தகைய விழா மார்க்கத்துக்கு உகந்ததுதானா என்பதில் முஸ்லிம் அன்பர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விருந்தினராகச் செல்லும் நாம் அவ்வழக்கில் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. பாதணி கழற்றி, தலையை மறைத்து, அடக்கத்தோடு நிற்றலே நம் கடன்.

மிக முக்கியமானது ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, இதே கரையில் கடல் ஏறி வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எனவே, பெருங்கூட்டம் கடற்கரையிற் கூடும் நாளில், மேற்கே பெருவீதிக்குச் செல்லும் ஒழுங்கைகளைக் கடைகளும் வண்டிகளும் அடைத்தலாகாது. சென்றவுடன் எந்த ஒழுங்கை வழியே விரைந்து வெளியேறலாம் என்பதைக் குழந்தைகளுக்கும் காட்டிவையுங்கள்; பிரிய நேரின் கூடவேண்டிய இடத்தைக் கடலுக்கு அப்பால், பெருவீதிப் பக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கக் கண்டால், வேடிக்கை பார்த்து நில்லாது உடனே உள்நோக்கிச் செல்லவேண்டும். இவ்வளவும் செய்தபின் அச்சமின்றி விழாவைக் காணலாம்.

கந்தூரிச் சோறு கிடைத்தால் அன்போடு பெற்றுக்கொள்ளுங்கள். புலால் உண்ணாதோர் அதனை முன்னரே பணிவுடன் சொல்லிவிட்டால் எவரும் குறையாக எண்ணார். உண்போரோ, மழைக்கு அஞ்சி வீட்டில் இருந்துவிட்ட பாட்டனார்க்கும் ஒரு பங்கு கொண்டுவர மறவாதீர்.