ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போன இடம்

புதுச்சேரிக்காரன் என்று சொன்னால் எதிரிலிருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வேலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் என்னிடம் கேட்டதே, "மச்சான், வர்றப்ப ரெண்டு எடுத்தாறீங்களா?" என்றுதான். சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் அரசாங்கமே ஏலம் விடும் ஊர் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இரண்டுக்கும் தடை. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு நாங்கள் விருந்து வைக்கிற சொந்தக்காரர்கள் மாதிரி. பத்தொன்பது வருஷம் ஒரே பாரின் வாசலில் என் ஸ்கூட்டரை நிறுத்தினேன். தெரிந்தவர் யாராவது அந்த வழியே போனால் கையாட்டுவேன். அவரும் ஆட்டுவார். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

குடியை விடுகிறவர்களின் கூட்டத்துக்குப் போன அன்றுதான் ஹெல்மெட் மாட்டினேன். எங்கள் ஊரில் ஹெல்மெட் போட்டவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

இடத்தைத் தேடியது நானல்ல. குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம் என்று சொல்லி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, வைட்டமின் ஊசி போட்டு, மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஓர் இடத்தையும் கிழமையையும் எழுதித் தந்தார். "உடம்பை நாங்க பார்த்துட்டோம். சாயங்காலம் ஆறரை மணியை நீங்க என்ன பண்ணப்போறீங்க?" பதினோராம் நாள் ஆறரை மணிக்குப் பழைய பாரில் இருந்தேன்.

சட்டையை ஊறவைக்கும்போது என் மனைவி அந்தச் சீட்டை எடுத்துக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறாள். ஒன்றரை மாதம் வாய் திறக்கவில்லை. ஒரு காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் நான் திணறியபோது சீட்டை எடுத்து எதிரில் வைத்தாள். "இன்னிக்குத்தாங்க அந்தக் கிழமை."

கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை. கரும்பலகையில் 'மொத்தம் 41, வந்தவர் 38' என்று அழிக்காமல் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அவரவர் கதையை அவரவர் சொன்னார்கள், மற்றவர்கள் கேட்டார்கள். கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. நான் பர்ஸை எடுத்தபோது பக்கத்திலிருந்தவர் மெதுவாக என் கையைத் தட்டி, "புதுசா வந்தவங்க போட வேணாம்" என்றார். அப்பா பேர், தெரு, வேலை எதையும் கேட்கவில்லை. ஒரு வீட்டுச் சண்டை மறுநாள் மார்க்கெட்டில் பேச்சாகிவிடுகிற ஊரில் இதை நம்பவே எனக்கு நாலு வாரம் பிடித்தது.

எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் பொய். எங்கள் வீடு கறுப்புச்சட்டை வீடு. கூட்டத்திலோ தன்னைவிடப் பெரிய சக்தி என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கேட்டேவிட்டேன். "இந்த ரூம்ல இருக்குறவங்களைச் சேர்த்துக் கூட்டினா உங்களைவிடப் பெருசுதானே சார்? அதைப் புடிச்சுக்குங்க" என்றார் ஒருவர். பகுத்தறிவுக்கு இது போதுமா தெரியாது. எனக்குப் போதுமானதாக இருந்தது.

டீ ஊற்றியவர் ரோடியர் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர் நிறைய ஊற்றினார். எனக்கு மட்டும் பாதி. கஞ்சன் என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன். என் கை ஆடிய ஆட்டத்துக்கு ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"டாக்டரை மறுபடி பாத்துடுங்க. இதுல வீராப்பு கூடாது" என்று சொல்லிவிட்டு, "கை நடுக்கத்துல பொறந்த சங்கம் சார் இது" என்று ஆரம்பித்தார். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் என்கிற பங்குத் தரகர், வந்த வியாபாரம் கைநழுவிப்போய் ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். பார் சத்தம் காதில் விழுகிறது. உள்ளே போகாமல் போனை எடுக்கிறார், இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்று. கிடைத்தவர் டாக்டர் பாப், அறுவை சிகிச்சை நிபுணர். கால் மணி நேரம் தருகிறேன் என்றவர் மணிக்கணக்கில் பேசினார். அப்புறமும் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார். ஜூன் 10-ஆம் தேதி ஆபரேஷன், கை நிற்கவில்லை. பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்துக் கையை நிறுத்தி அனுப்பினார். பாப் கடைசியாகக் குடித்தது அதுதான். அந்தத் தேதியையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார்கள். 1957-இல் டெல்லி வழியாக அது இந்தியாவுக்கு வந்தது.

நாலாம் வாரம் எனக்கும் முழு டம்ளர் கிடைத்தது.

மூன்றாவது மாதம் வில்லியனூரில் ஒரு கிரகப்பிரவேசம். யாரும் வற்புறுத்தவில்லை, நானாகத்தான் மொட்டைமாடிக்கு ஏறினேன். அந்தக் குடி ஆறு நாள் நீண்டது. இரண்டு வாரம் கூட்டத்துப் பக்கம் போகாமல், என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெரியவர் பிளாஸ்க்கோடு வந்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. என் கையைக்கூடப் பார்த்த மாதிரி தெரியவில்லை. டம்ளரில் ஊற்றிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி என்னிடம் நீட்டினார்.